பதினான்காம் வளைவு

செவ்வாய்ப்பேட்டையில், ஜவ்வரிசி மூட்டை அடுக்கிய
கிடங்குக்கு மேலே எங்கள் ஆய்வகம்.
கீழே மாவுச்சத்து, மேலே சர்க்கரை,
நடுவில் ஒரு மரப்படி
என்று பர்வீன் சிரிப்பாள்.

ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய ஒட்டு.
மணிக்கட்டுக்கு மேலே ஒட்டினால்
வியர்வையை உறிஞ்சி
அதில் கரைந்த இனிப்பை எண்ணும்.
ரத்தத்தில் நூறு இருந்தால் வியர்வையில் ஒன்று.
தேர்க்கூட்டத்தில் தொலைந்த பிள்ளையை
அழுகுரலை வைத்துத் தேடுகிற வேலை.

வலிக்காது என்பதுதான் எங்கள் பேச்சு.
அது சொல்வது சரிதானா என்று பார்க்க
கால்மணிக்கு ஒருமுறை விரலைக் குத்த வேண்டும்.
இதுவரை நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு குத்து.
பதிவேட்டில் அதற்கென்று ஒரு பத்தி.
தலைப்பு: ஒப்பீடு.

சித்திரையில் எண்கள் அழகாக வந்தன.
லீ பஜாரில் மூட்டை தூக்கும் ஒன்பது பேர்
கேட்காமலே வியர்த்துக் கொடுத்தார்கள்.
ஒட்டும் ஊசியும் ஒரே கோட்டில் நடந்தன.
சேலத்து வெயிலுக்கு நன்றி என்று
அறிக்கையில் எழுதி, பிறகு அடித்தேன்.

பத்தாம் ஆள் அங்கமுத்து,
ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டர்.
பதினோரு வருஷமாக இன்சுலின்.
காலையில் குத்திய விரலால் சில்லறை கொடுப்பார்,
சில நாள் ரூபாய்த்தாள் ஓரத்தில்
ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும்.
"ஊரெல்லாம் சுத்திட்டு ஒரு தாளு
எங்கிட்டயே திரும்பி வந்துச்சும்மா" என்றார்.
நம்பவில்லை. நம்பாமலும் இல்லை.

ஆடியில் ஒரு புதன்கிழமை, முதல் பஸ்.
டிக்கெட் போடுகிறவரை நின்று நின்று குத்த முடியாது.
அடிவாரத்தில் ஒன்று, உச்சியில் ஒன்று என்று பேச்சு.
இட்லிக் கடை திறக்கவில்லை என்று அவர் சொன்னது
காதில் விழுந்தது, பதிவேட்டில் விழவில்லை.

கொண்டை ஊசி வளைவு என்ற பெயரில் இருக்கும் ஊசி
அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.
ஒன்பதில் காற்று மாறியது.
பன்னிரண்டில் மூடுபனி
டிக்கெட் வாங்காமல் ஏறிக்கொண்டது.
அங்கமுத்துவின் கை உலர்ந்தது.
கைபேசித் திரையில் எண் இல்லாத ஒரு கோடு.
தட்டினேன். கோடு.

பதினான்கில் அசைந்தது.
ஈரம்! குளிரிலும் வேலை செய்கிறது!
எனக்கு வந்த சந்தோஷத்தை மறைத்து எழுத முடியாது.
தொண்ணூற்றாறு, என்று சத்தமாகப் படித்தேன்.
பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்.
அந்தக் குளிரில் ஒரு மனிதர்
சட்டை நனைய வியர்த்துக்கொண்டிருந்தார்.

சர்க்கரை இறங்கும்போது வருகிற வியர்வை.
தேர்வில் எழுதி
இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

விசில் அவர் உதட்டுக்குப் போய்ச் சேரவில்லை.
யாரோ பஸ் தகரத்தை அடித்து நிறுத்தினார்கள்.
காலேஜ் பையன் ஒருவன்
பாதி குடித்த மாம்பழ ஜூஸை நீட்டினான்.
நான் ஊசியைத் தேடுவதற்குள் அவரே விரலை நீட்டினார்,
பழக்கம்.
ஐம்பத்திரண்டு.

ஏரிக்கரையில் டீ குடிக்கும்போது
ஒட்டிடமிருந்து தகவல் வந்தது:
ஐம்பத்து நான்கு. உடனே ஏதாவது சாப்பிடவும்.
அங்கமுத்து வாங்கிப் படித்தார்.
"எங்க டிப்போவ விட லேட்டாயிருக்கே!"
அப்புறம் கண்ணாடி டம்ளரைப் பார்த்தபடி,
"வலிக்குதுன்னு நான் எப்பம்மா சொன்னேன்?
வலிச்சா வலிச்சுட்டுப் போவுது.
நேரத்துக்குச் சொல்லணும்."

இறக்கத்தில் பர்வீனைக் கூப்பிட்டேன்.
குளிருக்கு ஒரு திருத்தம் போடணும், இருபது நிமிடத்துக்கு ஒன்று,
என் சந்தோஷத்துக்கும் ஒன்று.
சிக்னல் போய்விட்டது, எதுவரை கேட்டாளோ.

அடிவாரத்தில் மீதிச் சில்லறை கொடுத்தார்.
பத்து ரூபாய்த்தாள். ஓரத்தைப் பார்த்தேன்.
எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம்.
வெயில் ஏறியிருந்தது. மணிக்கட்டில்
எனக்கும் வியர்க்க ஆரம்பித்திருந்தது.
ஒரு கோலி சோடாவுக்குக் கொடுத்துவிட்டேன்.